பார்சல்ல வர்ற நாட்டுக்கோழி முட்டைய குஞ்சு பொரிக்க வைக்கிறது எப்படி

இன்குபேட்டர் எது வாங்கலாம், எத்தனை முட்டை மெஷின் வாங்கலாம்னுதான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க. சொந்தக் கோழி போட்ட முட்டைன்னா அந்தக் கேள்வி சரி. ஆனா வெளியூர்ல இருந்து பஸ் பார்சல்லயோ கூரியர்லயோ முட்டை வரவழைச்சு பொரிக்க வைக்கப் போறீங்கன்னா மெஷின் ரெண்டாம்பட்சம்தான். பாதி ரிசல்ட் முட்டை மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது, அதாவது முட்டை எத்தனை நாள் பழசு, வழியில எவ்வளவு சூடு பட்டுச்சு, எவ்வளவு குலுங்குச்சு, வந்ததும் நீங்க அதை என்ன பண்ணீங்க, இந்த நாலும்தான். அதனால நானும் அதைப் பத்திதான் நிறைய சொல்லப் போறேன், மெஷின் சமாச்சாரம் எல்லா யூடியூப் சேனல்லயும் கிடைக்குது.

எதிர்பார்ப்பை முதல்ல சரி பண்ணிக்கோங்க. நம்ம வீட்டு முட்டைல பத்துக்கு எட்டு பொரியுதுன்னா பார்சல் முட்டைல பத்துக்கு அஞ்சு வந்தாலே நல்ல ரிசல்ட். சில தடவை ரெண்டு வரும், சில தடவை ஒண்ணுமே வராது. பத்து குஞ்சு வேணும்னா இருபது முட்டை வாங்குங்க, பன்னெண்டு வாங்கிட்டு பத்து வரும்னு கூண்டு கட்டாதீங்க.

சரி, எப்ப ஆர்டர் பண்றதுன்னு பார்ப்போம். கரு கூடின முட்டைக்குள்ள இருக்குற கரு சுமார் 20, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இருந்தா வளராம அப்படியே நிக்கும். அதுக்கு மேல போனா மெதுவா வளர ஆரம்பிக்கும். 27, 28 டிகிரியத் தாண்டுச்சுன்னா ஒழுங்கில்லாம அரைகுறையா வளரும், ராத்திரி குளிர்ந்தா நிக்கும், மறுநாள் வெயில்ல மறுபடி ஆரம்பிக்கும், இப்படி ரெண்டு மூணு நாள் நடந்தா கரு பலவீனமாகி மெஷின்ல வச்ச மூணாவது நாலாவது நாளே செத்துடும். இப்ப நம்ம ஊர் நிலவரத்தை யோசிச்சுப் பாருங்க, சித்திரை வைகாசில கரூர், வேலூர், திருச்சி பக்கமெல்லாம் பகல்ல 40 டிகிரிய தொடுது, பார்சல் ஆபீஸ் தகரக் கொட்டகைக்குள்ள இன்னும் ஜாஸ்தி. அதனால பங்குனில இருந்து ஆனி வரைக்கும் தூரத்து ஊர்ல இருந்து முட்டை வாங்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். மழை சீசன்ல பஸ் லேட்டாகும், அது ஒண்ணுதான் தலைவலி. இன்னொண்ணு, கேரளாவுல ஆலப்புழா பக்கம் பறவைக் காய்ச்சல் வந்துச்சுன்னா பார்டர் செக்போஸ்ட்ல கோழி, முட்டை எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, அந்த நேரத்துல அங்கருந்து எதையும் வரவழைக்கக் கூடாது, பணம் போறது மட்டும் இல்ல, நோயும் வரும்.

விக்கிறவர்கிட்ட என்ன கேக்கணும்? எல்லாரும் விலையையும் ஜாதியையும் மட்டும் கேக்குறாங்க. நீங்க முதல்ல கேக்க வேண்டியது, "அண்ணா, இந்த செட்ல (ஒரு சேவலோட சேந்து நிக்கிற கூட்டத்துல) எத்தனை பெட்டை நிக்குது?" இது ஏன் முக்கியம்னா ஒரு பெட்டை ஒரு முட்டை உருவாக்க 24 மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கும், தினம் ஒண்ணுக்கு மேல போடாது, நடுவுல ஒரு நாள் ரெண்டு நாள் விடும். அப்ப ஒரே ஒரு பெருவிடை (பெரிய உடம்பு நாட்டுக்கோழி) பெட்டைய வச்சிருக்குறவர் பன்னெண்டு முட்டை அனுப்புறேன், எல்லாம் ஃப்ரெஷ்ஷுன்னு சொன்னா அதுல முதல் முட்டை கிட்டத்தட்ட ரெண்டு வாரம் பழசு. நல்லா பாதுகாத்த முட்டைக்கே ஏழு நாள் வரைக்கும்தான் முழு பலன், அதுக்கப்புறம் நாளுக்கு நாள் பொரிப்பு குறையும், பத்து நாளத் தாண்டினதை பார்சல்ல வாங்குறது வீண். நாலு பெட்டை இருந்தா அதே பன்னெண்டு முட்டைய நாலஞ்சு நாள்ல சேத்துடலாம். இந்தக் கணக்கு போட்டுப் பாத்தாலே பாதி விளம்பரம் அடிபட்டுப் போகும்.

அடுத்து, முட்டைய எங்க வச்சிருக்காருன்னு கேளுங்க. ஃபிரிட்ஜ்ல வச்சேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, 4, 5 டிகிரில வச்ச முட்டை சமைக்கத்தான் ஆகும். பண்ணைகள்ல 15ல இருந்து 18 டிகிரி ரூம்ல வைப்பாங்க. வீட்டு அளவுல வளக்குறவங்க மண்பானைக்கு அடில ஈர மணல் போட்டு நிழல்ல வைக்கிறது, அரிசிப் பானைலயோ கேழ்வரகுலயோ புதைச்சு வைக்கிறதுன்னு நம்ம பாட்டிங்க பண்ணதையே பண்றாங்க, அது மோசம் இல்ல. ஈர மணல் பானைதான் அதுலயும் பெஸ்ட்டு, தண்ணி ஆவியாகும்போது உள்ள நல்லா குளிரும், ஆனா முட்டைல ஈரம் நேரா படக்கூடாது.

சேவல் விஷயம். ஒரு சேவலுக்கு எட்டு பத்து பெட்டை வரைக்கும் சரி, அசில் (சண்டைக்கோழி ஜாதி) மாதிரி கனமான சேவலுக்கு இன்னும் கம்மியா இருக்கணும். சேவலை மாத்துனா பழைய சேவலோட விந்து பெட்டை உடம்புல ரெண்டு வாரம், சில சமயம் மூணு வாரம் வரைக்கும் தங்கும். அதனால "போன வாரம்தான் நல்ல சேவல் வாங்கி விட்டேன்"னு சொல்றவர்கிட்ட வர்ற முட்டைல அப்பன் யாருன்னே சொல்ல முடியாது. சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), பெருவிடை, கடக்நாத் எல்லாம் ஒரே தோட்டத்துல ஒண்ணா மேயுதுன்னா ஜாதி சுத்தம்ங்கிற பேச்சுக்கே இடம் இல்ல, குஞ்சு பொரிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் உங்களுக்கே தெரியும்.

கடக்நாத் பத்தி ஒரு வார்த்தை. இது மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்துக் கோழி, 2018ல புவிசார் குறியீடு கிடைச்சுது. தோல், கறி, எலும்பு எல்லாம் கருப்பு, ஆனா முட்டை கருப்பு இல்லைங்க! சாதா நாட்டுக்கோழி முட்டை மாதிரி வெளிர் பழுப்பு இல்லனா க்ரீம் கலர்தான். கருப்பு முட்டை போட்டோ போட்டு வித்தா அது பெயிண்ட்டு இல்லனா எடிட்டு, அந்த ஆளை அப்பவே பிளாக் பண்ணிடுங்க. வனராஜா, கிராமப்ரியா மாதிரி ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்துல உருவாக்குன ரகம்னா வேற விஷயம், அது கலப்பு. அந்தக் கோழிங்களையே வீட்டுல வச்சு முட்டை எடுத்துப் பொரிச்சா வர்ற குஞ்சு தாய் மாதிரியே எடையும் முட்டையும் தராது. அப்படி முட்டைய வாங்குறதுக்குப் பதிலா ஒரு நாள் குஞ்சாவே அரசுப் பண்ணைலயோ கால்நடைப் பல்கலைக்கழக மையத்துலயோ வாங்கிடலாம்.

பேக்கிங்க நீங்களே சொல்லிக் குடுங்க, அவருக்குத் தெரியும்னு விடாதீங்க. ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியா பபுள் ராப்ல சுத்தி, கூர் முனை கீழ, அகலமான முனை மேல இருக்குற மாதிரி ட்ரேல நிக்க வைக்கணும். நடுவுல இருக்குற சந்துல உமி இல்லனா மரத்தூள் இறுக்கமா போடணும், பெட்டிய கைல எடுத்து ஆட்டிப் பாத்தா உள்ள ஒண்ணும் அசையக் கூடாது. அந்தப் பெட்டிய இன்னொரு பெரிய பெட்டில வச்சு சுத்தி நாலு பக்கமும் வைக்கோலோ பேப்பரோ திணிக்கணும். காத்துப் புகாம பிளாஸ்டிக் கவரைப் போட்டு டேப் சுத்துறாங்க பாருங்க, அது தப்பு, ஓட்டுல இருக்குற நுண் துளை வழியாத்தான் முட்டை மூச்சு விடுது, பெட்டில நாலஞ்சு ஓட்டை இருக்கணும். மேல "முட்டை, இந்தப் பக்கம் மேலே"ன்னு தமிழ்ல பெருசா எழுதச் சொல்லுங்க, பெட்டிய தூக்கிப் போடுற தம்பி அதைத்தான் படிப்பாரு.

எதுல அனுப்புறது? கிடைச்சா ராத்திரி பஸ் பார்சல்தான் என் ஓட்டு. சாயந்தரம் ஏத்துனா விடியக்காலைல வந்துடும், வெயிலே படாது, கை மாறுறதும் ரெண்டு தடவைதான். கூரியர்ல போனா ஊர் ஊரா கோடவுன்ல இறங்கி ஏறும், நிறைய கூரியர்ல முட்டைன்னு சொன்னா வாங்கவும் மாட்டாங்க. பஸ்லயும் பின்னாடி இஞ்சின் பக்கத்து டிக்கில வச்சா வெந்துடும், கடைசி சீட்டு பக்கம் வச்சா குலுக்கல் தாங்காது, நடு டிக்கி இல்லனா டிரைவர் கேபின்ல வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, கிளீனருக்கு டீக்காசு குடுத்தா தாராளமா வைப்பாங்க. கூரியர்தான் வழின்னா திங்கள் செவ்வாய்ல அனுப்பச் சொல்லுங்க, வெள்ளி சனி அனுப்புனா ஞாயித்துக்கிழமை பூட்டுன ஆபீஸ்ல கிடக்கும். டோர் டெலிவரி வேணாம், நானே வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிடுங்க, டெலிவரி பைக் பின்னாடி மூட்டைல ஊரு சுத்துறது மிச்சம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். பார்சல் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் கை பரபரன்னு இருக்கும், நேரா மெஷின்ல அடுக்கிடுவாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. முட்டையோட அகலமான முனைல ரெண்டு சவ்வுக்கு நடுவுல ஒரு காத்துப் பை இருக்கும், ஏர் செல்னு சொல்றது. குஞ்சு பொரியிறதுக்கு முந்தி முதல் மூச்சு விடுறது அந்தக் காத்துலதான். வழியில குலுங்குனா அந்த சவ்வு பிடி விட்டுப் போயி காத்துப் பை இடம் மாறும், முட்டைய சாய்க்கிற பக்கமெல்லாம் நீர்மட்டம் பாக்குற ரசமட்டக் குமிழி மாதிரி ஓடும். இருட்டு ரூம்ல செல்போன் டார்ச்ச அகல முனைல வச்சுப் பாருங்க, நல்ல முட்டைல மேல தொப்பி வச்ச மாதிரி ஒரு வட்டம் அசையாம நிக்கும். அடிபட்ட முட்டைல அது ஒரு பக்கம் சரிஞ்சு குதிரைச் சேணம் போல வளைஞ்சு தெரியும், இல்லனா குமிழியா உடைஞ்சு அலையும். சேணம் மாதிரி இருக்குறது தேற வாய்ப்பு இருக்கு. குமிழியா உடைஞ்சு முட்டை முழுக்க ஓடுறது பெரும்பாலும் தேறாது, ஆனாலும் தூக்கிப் போட வேணாம், வச்சுப் பாருங்க.

இதுக்கு வைத்தியம் ஓய்வு மட்டும்தான். பெட்டியப் பிரிச்சதும் முட்டைய மெதுவா எடுத்து அட்டை ட்ரேல கூர் முனை கீழ வச்சு நிக்க வைங்க, வீட்டுலயே குளிர்ச்சியான, வெயில் படாத இடத்துல குறைஞ்சது 12 மணி நேரம், காத்துப் பை ஆடுச்சுன்னா 24 மணி நேரம் தொடாதீங்க. புள்ளைங்கள கிட்ட விடாதீங்க. முட்டைய கழுவக் கூடாது, ஓட்டு மேல இயற்கையாவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், அதுதான் கிருமிய உள்ள விடாம தடுக்குது, கழுவுனா அது போயிடும். எச்சம் ஒட்டியிருந்தா காஞ்ச துணியால, இல்லனா மெல்லிய உப்புத்தாளால லேசா தேய்ச்சு எடுங்க. ஏசி பஸ்ல வந்த முட்டை சில்லுன்னு இருந்து நம்ம ரூம் காத்து பட்டதும் வேர்க்கும், அந்தத் தண்ணியத் துடைக்காம தானா காய விடுங்க, காயறதுக்கு முன்னாடி மெஷின்ல வைக்கவே கூடாது. மயிரிழை விரிசல் விட்டதுல உள் சவ்வு கிழியாம இருந்தா மெழுகுவத்தி மெழுகை உருக்கி விரிசல் மேல மட்டும் ஒரு கோடு விடலாம், ரொம்ப ஆசைப்பட்டு வாங்குன ஜாதின்னா பண்ணிப் பாருங்க. ஒழுகுறதைத் தூக்கிப் போட்டுடுங்க, உள்ள வச்சா அழுகி வெடிச்சு மத்ததையும் கெடுக்கும்.

உடைஞ்சு வந்த முட்டைய சும்மா கொட்டாதீங்க. ஒரு தட்டுல ஊத்தி மஞ்சக்கரு மேல பாருங்க, சின்னதா வெள்ளப் புள்ளி இருக்கும். அது கெட்டியா ஒழுங்கில்லாத பொட்டா இருந்தா சேவல் படாத முட்டை. வட்டத்துக்குள்ள வட்டமா, மோதிரம் மாதிரி இருந்தா கரு கூடியிருக்கு. ரெண்டு மூணு உடைஞ்சு எல்லாத்துலயும் வட்டம் தெரிஞ்சா நிம்மதியா மெஷினை ஆன் பண்ணலாம்.

முட்டை ஓய்வு எடுக்குற அந்த ஒரு நாள்ல மெஷினை ஓட்டி சூடு நிக்குதான்னு பாத்துடுங்க, முட்டைய உள்ள வச்சுட்டு செட்டிங் பண்ணாதீங்க. கடைல வாங்குனதோ தெர்மாகோல் பாக்ஸ்ல பல்பும் ஃபேனும் கண்ட்ரோலரும் மாட்டி நீங்களே செஞ்சதோ, ரெண்டுக்கும் இதேதான். ஃபேன் இருந்தா 37.5ல இருந்து 37.8 டிகிரி, ஃபேன் இல்லனா முட்டையோட மேல்மட்டத்துல 38.5 பக்கம் வைக்கணும், ஏன்னா காத்து சுத்தாதப்ப மேல சூடாவும் கீழ குளிர்ச்சியாவும் இருக்கும். கண்ட்ரோலர் காட்டுற நம்பரை நம்பாதீங்க, காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் வீட்டுல இருக்கும்ல, அதை முட்டை பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க, நமக்கு வேண்டிய அளவுல அதுதான் துல்லியமா காட்டும். ஈரப்பத மீட்டருக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு. பாட்டில் மூடில கல்லுப்ப பொடிச்சுப் போட்டு ஈர மணல் பதத்துக்கு தண்ணி விட்டு மீட்டரோட சேத்து ஜிப் கவர்ல மூடி ஒரு ராத்திரி விடுங்க, காலைல 75 காட்டணும். 68 காட்டுனா உங்க மீட்டர் 7 கம்மியா காட்டுதுன்னு மனசுல வச்சுக்கோங்க, அவ்வளவுதான்.

ஈரப்பதத்துலதான் நம்ம ஆளுங்க கண்ண மூடிட்டு தப்பு பண்றாங்க, இங்கிலீஷ் வீடியோ பாத்துட்டு முதல் நாளே ரெண்டு கிண்ணம் தண்ணி வச்சுடுறாங்க. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்ல வெளிக்காத்து 30 டிகிரில 75 சதவீத ஈரத்தோட இருக்குன்னா அதே காத்து மெஷினுக்குள்ள 37.5க்கு சூடாகும்போது தானா 49, 50 சதவீதத்துக்கு வந்துடும். முதல் 18 நாளைக்கு வேண்டியதே அவ்வளவுதான், ஒரு சொட்டு தண்ணி வைக்கத் தேவையில்ல! அதுவே நாமக்கல், கரூர் பக்கம் வறண்ட நாள்ல 35 டிகிரியும் 35 சதவீதமும் இருந்தா உள்ள 30தான் நிக்கும், அங்க தண்ணி வைக்கத்தான் வேணும். அதனால ஊரைப் பாத்து, மாசத்தைப் பாத்து வைங்க. பார்சல் முட்டைக்கு நான் 45ல இருந்து 50க்குள்ளயே வைக்கச் சொல்லுவேன், கொஞ்சம் காய்ஞ்சாப்ல இருந்தா காத்துப் பை சீக்கிரம் ஒரு இடத்துல நிலைச்சு நிக்குது. சந்தேகமா இருந்தா தராசு வைங்க: மொத்த முட்டையையும் வைக்கிற அன்னைக்கு எடை போட்டு எழுதிக்கோங்க, 18ஆம் நாள்ல சுமார் 12, 13 சதவீதம் குறைஞ்சிருக்கணும். பத்து முட்டை 450 கிராம் இருந்துச்சுன்னா 395 கிராம் பக்கம் வரணும். ஜாஸ்தி குறைஞ்சா தண்ணி கூட்டுங்க, குறையலன்னா எடுத்துடுங்க. எந்த மீட்டரை விடவும் இது நம்பகமானது.

முட்டைய வைக்கும்போது பார்சல் முட்டைன்னா படுக்கப் போடாதீங்க, அட்டை ட்ரேய வெட்டி கூர் முனை கீழ வச்சு நிக்க வச்சே வைங்க. அட்டைக்கு அடில ஓட்டை போட்டு விடுங்க, காத்துப் போகணும். முதல் ரெண்டு நாள் திருப்பவே வேணாம், காத்துப் பை ஆடுற முட்டைன்னா மூணு நாள் கூட விடலாம். முட்டைய தானா திருப்புற ஆட்டோ டர்னர் இருந்தா அதுவரைக்கும் ஒயரைக் கழட்டி விடுங்க. அப்புறம் ட்ரேய ஒரு பக்கம் 45 டிகிரி சாய்ச்சு, அடுத்த தடவை எதிர்ப்பக்கம் சாய்ச்சு, ஒரு நாளைக்கு மூணு இல்லனா அஞ்சு தடவை. ஒத்தப்படையில திருப்புனாத்தான் ராத்திரி நீளமா நிக்கிற பக்கம் தினமும் மாறும். முட்டைல எழுதணும்னா பென்சில் மட்டும், மார்க்கர் வேணாம்.

ஏழாவது நாள் லைட் அடிச்சுப் பாருங்க. நடுவுல ஒரு கரும்புள்ளி, அதச் சுத்தி சிலந்தி வலை போல சிவப்பு நரம்பு ஓடுனா உயிரோட இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா கூமுட்டை, அதாவது கரு கூடாதது. நரம்பு இல்லாம சிவப்பா ஒரு வளையம் மட்டும் தெரிஞ்சா கரு கூடி வளர ஆரம்பிச்சு செத்துப் போச்சு, பார்சல் முட்டைல இதுதான் அதிகம் வரும். சந்தேகமானதை பத்தாவது நாள் வரைக்கும் விட்டு மறுபடி பாருங்க. லைட் அடிக்கும்போதே காத்துப் பையோட ஓரத்துல பென்சில் கோடு போட்டு வைங்க, 14, 18 நாள்ல அது எவ்வளவு பெருசாயிருக்குன்னு கண்ணாலயே தெரியும்.

கரண்ட் போச்சுன்னா பதறாதீங்க. ரெண்டு மூணு மணி நேரம் சூடு குறைஞ்சா கரு தாங்கும், பொரியிறது ஒரு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். மூடியத் திறக்காம மேல கம்பளியப் போத்தி விடுங்க, நேரமாச்சுன்னா வெந்நீர் பாட்டிலைத் துணில சுத்தி ஓரமா வைங்க. சூடு ஏறுறதுதான் எமன். கண்ட்ரோலர் ஒட்டிக்கிட்டு 40, 41 டிகிரி போச்சுன்னா கொஞ்ச நேரத்துலயே எல்லாம் போயிடும். அதனால மெஷினை வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கமோ மொட்டை மாடி ரூம்லயோ வைக்காதீங்க.

18ஆம் நாள் முடிஞ்சதும் திருப்புறதை நிறுத்திட்டு ஈரப்பதத்தை 65, 70க்கு ஏத்துங்க, இப்பதான் தண்ணிக் கிண்ணத்துக்கு வேலை. காத்துப் பை சரிஞ்ச முட்டைங்கள அந்த அட்டை ட்ரேலயே நிக்க வச்சே பொரிய விடுங்க, படுக்கப் போட்டா குஞ்சு காத்துப் பைய கண்டுபிடிக்க முடியாம மாட்டிக்கும். மத்ததைப் படுக்கப் போடலாம். 20ஆம் நாள் வாக்குல கீச் கீச்னு சத்தம் கேக்கும், ஓட்டுல ஒரு சின்ன உடைப்பு விழும். உடைப்பு விழுந்து வெளிய வர 12 மணி நேரமும் ஆகும், 24 மணி நேரமும் ஆகும், அந்த நேரத்துல குஞ்சு சும்மா படுத்திருக்கல, மிச்ச மஞ்சக்கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டு ரத்தக் குழாய்ங்கள மூடிக்கிட்டு இருக்கு. இப்ப மூடியத் திறந்தா ஈரம் போயி சவ்வு காய்ஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும், நீங்க உதவி பண்றேன்னு ஓட்டை உரிச்சா ரத்தம் கசியும். கண்ணாடி வழியா பாத்துட்டு உக்காருங்க. பொரிஞ்ச குஞ்சும் அந்த மஞ்சக்கரு தெம்புல ரெண்டு நாள் வரைக்கும் தீனி தண்ணி இல்லாம இருக்கும், முடி காய்ஞ்சு பஞ்சு மாதிரி ஆனதும் மொத்தமா எடுத்தா போதும். அமெரிக்காவுல 1918ல இருந்து ஒரு நாள் குஞ்ச தபால்ல அனுப்புறாங்கன்னா இந்த ஒரு விஷயத்தாலதான்.

வேற பறவை முட்டைன்னா நாள் கணக்கு மாறும், முறை இதேதான். காடை 17, 18 நாள், கினிக்கோழி 26ல இருந்து 28, வான்கோழியும் சாதா வாத்தும் 28, மணிலா வாத்து 35 நாள். கடைசி மூணு நாள் திருப்பாம விடணும். காடை முட்டை புள்ளி புள்ளியா இருக்குறதால லைட் அடிச்சாலும் சரியா தெரியாது, விட்டுடுங்க. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான ஊர்க்காரங்க கீழ் நாட்டு முட்டைய வாங்கிப் பொரிச்சா காத்துல ஆக்சிஜன் கம்மியா இருக்குறதால ரிசல்ட் இன்னும் குறையும், மெஷினோட காத்து ஓட்டைய நல்லா திறந்து வைங்க.

மெஷினே இல்ல, வீட்டுல அடைக்கோழி இருக்கு, கொங்கு பக்கம் அவயக்கோழின்னு சொல்லுவோமே, அதுல வைக்கலாமான்னா தாராளமா வைக்கலாம். சூடு, ஈரம், திருப்புறது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். ஆனா உக்காந்த உடனே வேகமா உருட்டும், அதனால ஆடுற காத்துப் பை முட்டைங்கள முழுசா ஒரு நாள் ஓய்வு குடுத்துட்டு வைங்க. ஒரு சிறுவிடைக்கு 9, 10 முட்டைக்கு மேல வேணாம். ராத்திரில, அதோட அடில இருக்குற கள்ள முட்டைய (உக்கார வைக்க வச்ச டம்மி முட்டை) எடுத்துட்டு இதை வைங்க, பகல்ல வச்சா சில கோழி கொத்தித் தள்ளும். கூடைல வைக்கோலுக்கு அடில வேப்பிலையும் வசம்புத் தூளும் போட்டா பேன் தொல்லை குறையும், பேன் ஜாஸ்தியானா கோழி பாதில எந்திரிச்சுப் போயிடும். இடி இடிச்சா முட்டை கெட்டுடும்னு இரும்புத் துண்டு, கரி, மிளகாய் எல்லாம் வைப்பாங்க, வைக்கிறதுல நஷ்டம் இல்ல, கெட்டுப் போறதுக்குக் காரணம் மழைக்கால ஈரமும் கோழி பயந்து எந்திரிக்கிறதும்தான்.

பொரிஞ்ச குஞ்சுங்கள உங்க பழைய கோழிங்களோட ஒரு மாசத்துக்காவது சேக்காதீங்க. சில நோய் முட்டை வழியாவே வரும், சால்மோனெல்லா வெள்ளைக் கழிச்சலும் மைக்கோபிளாஸ்மா சளியும் தாய்கிட்ட இருந்து குஞ்சுக்கு வர்றது. முதல் வாரம் 35 டிகிரி சூடு குடுங்க, வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வாங்க. ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்துல கண்ணுலயோ மூக்குலயோ தடுப்பு சொட்டு மருந்து, நாலு வாரம் வாக்குல லசோட்டா தடுப்பு மருந்து, ரெண்டு மாசத்துக்கு மேல தடுப்பூசி. பக்கத்துல கால்நடை மருந்தகம் இருந்தா டாக்டர்கிட்ட அட்டவணை கேட்டு வாங்கிக்கோங்க.

22, 23 நாள் ஆகியும் பொரியாத முட்டைங்கள குழில போடுறதுக்கு முன்னாடி வெளிய கொண்டு போயி, மூக்கத் துணியால கட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா உடைச்சுப் பாருங்க. அசிங்கமான வேலைதான், ஆனா தப்பு யார் பக்கம்னு அதுலதான் தெரியும். பாதிக்கு மேல கூமுட்டையா இருந்தா சேவல் பிரச்சனை, விக்கிறவர்கிட்ட போட்டோவோட பேசலாம், நல்ல ஆளா இருந்தா அடுத்த பேட்ச்ல சேத்து அனுப்புவாரு. ரத்த வளையமா நிறைய இருந்தா முட்டை பழசு இல்லனா வழியில சூடு, பேக்கிங்கையும் பஸ்ஸையும் மாத்துங்க. முழுசா வளர்ந்த குஞ்சு தலைய கூர் முனைப் பக்கம் வச்சு செத்திருந்தா காத்துப் பை குலுங்குனதும் ஒரு காரணமா இருக்கலாம், நிக்க வைக்காம படுக்கப் போட்டீங்களான்னும் பாருங்க. முழுக் குஞ்சு தண்ணி கோத்து ஊதிப் போயிருந்தா ஈரப்பதம் ஜாஸ்தி, சவ்வு காய்ஞ்சு பிசின் மாதிரி ஒட்டியிருந்தா கம்மி, இது ரெண்டும் நம்ம மெஷின் கணக்கு, அவரைக் குறை சொல்ல முடியாது. எத்தனை எத்தனைன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டு அதைப் பாத்து அடுத்த ஆர்டர் போடுங்க.